வலப்பக்கமாகத் திறந்த அல்பம்

நான் எடுத்த முதல் பதினொரு படங்களும் கழுதைகள். கற்பிட்டியில் கழுதைகளுக்குக் குறைவில்லை. காலையில் கதவைத் திறந்தால் வேலிக்கு வெளியே இரண்டு நிற்கும். நாங்கள்தான் அவற்றின் வளவுக்குள் புகுந்துவிட்டோம் என்பது போல ஒரு பார்வை பார்க்கும். மூத்த மகள் கட்டாரிலிருந்து வந்தபோது தன்னுடைய பழைய சின்னக் கமராவை என் கையில் வைத்து, "இந்தப் பொத்தான மட்டும் அமத்துங்க உம்மா, வேற ஒண்டும் தொடவேணாம்" என்றாள். வேறு ஒன்றும் எனக்குத் தொடத் தெரியாது. போனிலேயே படம் எடுக்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கண்ணாடி என் விரலின் சொல் கேட்பதில்லை. ஒருமுறை படம் எடுக்கப் போய் மீன்காரருக்கு அழைப்புப் போய்விட்டது. அவர் பெரிய அறக்குளா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். வாங்காமல் அனுப்ப மனம் வரவில்லை. அன்றைக்கு வீட்டில் நல்ல சாப்பாடு, அது வேறு கதை.

எழுத்தும் எனக்குத் தெரியாது. சின்ன வயதில் ஓதப்பள்ளிக்குப் போனேன், பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. குர்ஆனைப் பார்த்து ஓதுவேன். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை வாசிக்க மாட்டேன். இதையும் நான் சொல்லச் சொல்ல இளைய மகள்தான் எழுதுகிறாள். இடையில் அவளுக்குச் சிரிப்பு வந்தால் பேனையைக் கீழே வைத்துவிடுகிறாள். பிறகு நான் எங்கே விட்டேன் என்று எனக்கே மறந்துபோகிறது.

கழுதையிலிருந்து மதினிக்கு வருகிறேன்.

மதினி என்றால் என் கணவரின் ராத்தா, அவருக்கு மூத்த சகோதரி. எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு. நான் கலியாணம் முடித்து இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அவருடன் கதைக்காமல் ஒரு நாள் போனதில்லை. சண்டை பிடித்த நாட்களிலும் சண்டை பிடிக்கவாவது கதைத்திருக்கிறோம். அவருடைய கணவர் இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். அந்த இரண்டு வருடமும் மதினி வாசலைத் தாண்டவில்லை. பிறகு அவர் மௌத்தானார். மதினி இத்தா இருக்கத் தொடங்கினார். எங்களில் கணவரை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்களின் முன்னால் வராமல் இருக்க வேண்டும்.

மதினி இருந்தது வாடகை வீடு. வீட்டுக்காரர் நல்ல மனிதர்; இத்தா முடியும்வரை வீட்டைத் திருப்பிக் கேட்டு வாயே திறக்கமாட்டேன் என்று சொல்லியனுப்பினார். ஆனால் அதற்குப் பிறகு மதினி எங்கே போவது? பிள்ளைகள் இருவர். மகள் மாம்புரியில், மகன் வண்ணாத்திவில்லில். இருவரும் வாப்பா படுக்கையில் கிடந்த காலத்தில்தான் அந்தந்த ஊருக்குக் குடிபோனவர்கள். அதனால் இரண்டு வீட்டையும் மதினி கண்ணால் கண்டதில்லை. "எங்கட வீட்டுக்கு வாங்க உம்மா" என்று இரண்டு பேரும் கூப்பிட்டார்கள். மகன் வீட்டில் ஒரு அறை கட்டி முடிக்க வேண்டும்; மகள் வீட்டில் முன்னறையை ஒழித்துக் கொடுக்க வேண்டும். ஆகவே இத்தா முடியுமுன் மதினி ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

"போன்ல காட்டுறாங்கதானே மதினி" என்றேன்.

"என்னத்தக் காட்டுறாங்க? மகன் போனத் தூக்கிட்டுக் கோழி தொரத்துற மாதிரி ஓடுறான். எனக்குத் தல சுத்துது. மகள் முன் கதவ மட்டும் காட்டுறா, வீடு முழுக்கக் கதவு போல. ரெண்டு பேரும் அவங்கட நல்ல பக்கத்தத்தான் காட்டுவாங்க." என் கையிலிருந்த கமராவைப் பார்த்தார். "ஒன்ட கைலதான் கமரா இரிக்கே. கழுதய எடுக்கிறத்துக்குப் பதிலா நீ போய் அந்த ரெண்டு வீட்டயும் எடுத்திட்டு வா புள்ள. கடதாசியில கொண்டா. நான் கையில வச்சுப் பாக்கணும்."

என் சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. எனக்கு ஒரு வேலை தந்திருக்கிறார்கள், அதுவும் பஸ் ஏறிப் போய்ச் செய்கிற வேலை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: மதினி மாம்புரிக்குப் போகவேண்டும் என்பதுதான் என் ஆசை. மாம்புரி ஒரே பஸ். காலையில் போய், கதைத்து, பகல் சாப்பிட்டு, பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன் திரும்பிவிடலாம். வண்ணாத்திவில்லு என்றால் பாலாவி தாண்டிப் புத்தளம் போய், இறங்கி, இன்னொரு பஸ்ஸுக்குக் காத்து நின்று, போய்ச் சேரும்போதே பாதி நாள் முடிந்துவிடும். மதினி இல்லாத தெருவில் நான் யாருடன் சண்டை பிடிப்பேன்?

முதலில் மாம்புரிக்குப் போனேன். ஜன்னலோரத்தில் இருந்து காற்றாலைகளை எடுத்தேன், கண்டக்டரின் முழங்கையை எடுத்தேன், அதையும் தெரியாமல்தான் எடுத்தேன். மதினி மகளின் வீடு கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, தென்னைகளுக்கும் மிளகாய்ப் பாத்திகளுக்கும் நடுவில் இருந்தது. கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். வீடு முழுவதும் படத்தில் வரவேண்டும், ஒரு ஓடும் வெட்டுப்படக் கூடாது என்று நான் பின்னுக்கு நடந்தேன், நடந்தேன், அடுத்த வளவின் வேலி முதுகில் முட்டும்வரை நடந்தேன். மகளை வீட்டின் நேர் நடுவில் நிறுத்தினேன். உச்சி வெயில். சூரியன் என் கண்ணில் அடித்தது. பொத்தானை அமத்தினேன்.

அடுத்த கிழமை வண்ணாத்திவில்லு. அங்கேயும் அதே மாதிரி. தூரத்தில் நின்று, வீட்டை நடுவில் வைத்து, மகனையும் மருமகளையும் அதன் நடுவில் வைத்து, சூரியனைப் பார்த்தபடி. போகும் வழியில் புத்தளம் உப்பளம் வெள்ளையாக மினுங்கியது; அதையும் எடுத்தேன். கழுதைகள் அங்கேயும் இருந்தன.

கற்பிட்டியில் படம் கழுவிக் கொடுக்கிற ஸ்டூடியோக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கழுதைப் படத்தில் நின்றார். "உம்மா, இந்தக் கழுத எங்க போகுது?"

"தெருவால போகுது."

"படத்துல அது சுவத்துல போய் முட்டப் போகுது பாருங்க. மூஞ்சிக்கு முன்னால எடமே இல்ல. பின்னால எவ்வளவு எடம் கெடக்கு." பிறகு வீட்டுப் படங்களுக்கு வந்தார். "சூரியனப் பாத்து எடுத்தா ஆள் கறுப்பாத்தான் வரும். இவங்க யாரு?"

நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். உண்மையில் மகளா மருமகளா என்று எனக்கே சட்டென்று தெரியவில்லை. தீக்குச்சிப் பெட்டி அளவு ஒரு வீடு, அதன் நடுவில் ஒரு கரும்புள்ளி. இன்னொரு தீக்குச்சிப் பெட்டி, அதன் நடுவில் இரண்டு கரும்புள்ளி. ஒரு புள்ளியின் தலையிலிருந்து தென்னை முளைத்திருந்தது. கடற்கரையில் எடுத்த படத்தில் கடல் ஒரு பக்கமாகச் சரிந்து, தண்ணீர் எல்லாம் பாலாவிப் பக்கம் கொட்டப் போவது போலிருந்தது. ஆனாலும் என்ன, நான் எடுத்த படம். அவர் எல்லாவற்றையும் ஒரு சின்ன அல்பத்தில், நான் போன ஒழுங்கிலேயே போட்டுத் தந்தார். மாம்புரி முதலில், வண்ணாத்திவில்லு பிறகு.

அல்பத்தை மதினியின் கையில் கொடுத்தபோது பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். "முதல்ல மாம்புரி, பொறகு வண்ணாத்திவில்லு" என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து மதினி தீர்ப்புச் சொன்னார். அல்பம் அலுமாரிக்குள் இருந்தது; அதை எடுக்காமலே கதைத்தார்.

"ஒனக்கு மனிசரப் பாக்கப் பயமா புள்ள? ஏன் அவ்வளவு தூரத்துல நிண்ட? எல்லாரும் எறும்பு மாதிரி இரிக்கிறாங்க."

"வீடு முழுக்க வரணும்டு நெனச்சன் மதினி."

"வந்திரிக்கி. வீடு வந்திரிக்கி, வானம் வந்திரிக்கி, ஆள்தான் வரல்ல. சரி போகட்டும். நல்லா யோசிச்சன். மாம்புரி வீடுதான் எனக்குப் புடிச்சிரிக்கி."

நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய் வட்டிலாப்பம் செய்தேன். காரணம் கேட்ட கணவரிடம் முட்டை மிச்சம் இருந்தது என்றேன். மாம்புரி மகள் முன்னறையை ஒழிக்கத் தொடங்கினாள். மகன் "உம்மாட விருப்பம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். உம்மாவின் அறைக்கென்று கொண்டுவந்து வைத்திருந்த கூரைத் தகடுகளை மாட்டுக் கொட்டிலுக்குப் போட்டுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மௌத்தானவருக்காக ஓதிச் சாப்பாடு கொடுக்கிற நாற்பதாம் நாள் கத்தம் மதினியின் வீட்டில் நடந்தது. ஆண்கள் வெளியில் பந்தலில், பெண்கள் உள்ளே. எங்கள் பக்கத்தில் விருந்து என்றால் சஹன். ஒரு பெரிய வட்டத் தட்டில் சோறு போட்டு அதைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது. உள்ளறையில் சஹன் வைக்கும் வேலை எனக்கும் இன்னும் இரண்டு பெண்களுக்கும். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அவசரத்தில் சோற்றைக் குவித்து, அதன் உச்சியில் இறைச்சி, கத்தரிக்காய், அச்சாறு எல்லாவற்றையும் மலை மாதிரி கொட்டிவிட்டாள். மதினி தன் அறைக் கதிரையிலிருந்தே கண்டுவிட்டார்.

"இது என்ன புள்ள, மையித்த அடக்கி மண் குவிச்ச கபுறா? எல்லாத்தயும் நடுவுல கொட்டினா ஆறு பேர் எப்படி உண்ற? சோத்தப் பரத்து. எறச்சிய ஒருக்கா இஞ்சால தள்ளி வையி, அச்சாற அந்தப் பக்கம் வையி. ஓரத்துல கை போக எடம் விடு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கையில் அச்சாறுக் கோப்பையுடன் நின்றுவிட்டேன். என் படங்கள் எல்லாம் அந்தப் பெண் வைத்த சஹன்தான். நடுவில் ஒரு குவியல், சுற்றிவர ஒன்றும் இல்லை, பார்க்கிறவரின் கண் எங்கே கையை வைப்பது? கழுதையின் மூஞ்சிக்கு முன்னால் இடம் விடு என்று ஸ்டூடியோக்காரர் சொன்னதும் இதுதான். எனக்கு அந்த இடத்திலேயே கமராவை எடுத்துக்கொண்டு ஓடவேண்டும் போல இருந்தது. கை முழுக்க அச்சாறு.

அப்போதுதான் மற்றது நடந்தது. சாப்பாடு முடிந்து பெண்கள் மதினியைச் சுற்றி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மதினி தன் மகளின் தலையைத் தடவிக்கொண்டே, "இத்தா முடிஞ்சா நான் மகள்ட வீட்டு வேப்பமரத்துக்குக் கீழ ஒரு கதிரயப் போட்டு இரிந்திருவன்" என்றார்.

மகள் நிமிர்ந்தாள். "எங்கட வளவுல வேம்பு இல்லயே உம்மா. எல்லாம் தென்னதானே."

"படத்துல இரிக்கி."

"இல்ல உம்மா."

"சரி, தென்னைக்குக் கீழ இரிக்கிறன். தேங்கா விழாட்டிச் சரி" என்று மதினி சிரித்தார். எல்லோரும் வேறு கதைக்குப் போனார்கள்.

வேப்பமரம் வண்ணாத்திவில்லில் இருக்கிறது. மகன் வீட்டு முற்றத்தில், இடப்பக்கம், பெரிய மரம். நான்தானே எடுத்தேன்.

மதினி உள்ளே போன நேரத்தில் நான் அலுமாரியைத் திறந்து அல்பத்தை எடுத்தேன். மதினியும் என்னைப் போலத்தான், ஓதப்பள்ளி மட்டும். நான் பார்க்காமலே, கை தானாகப் போய் அல்பத்தை வலப்பக்கத்திலிருந்து திறந்தது, குர்ஆனைத் திறப்பது போல. முதல் படம் வேப்பமரம். ஸ்டூடியோக்காரர் இடப்பக்கத்திலிருந்து போட்டிருக்கிறார். மதினி வலப்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். "முதல்ல மாம்புரி" என்று நான் சொல்லிவிட்டு ஓடியிருக்கிறேன். முகங்கள் கறுப்பு, வீடுகள் தீக்குச்சிப் பெட்டி. சொந்த மகனையும் மருமகளையும் மகளும் அவள் கணவனும் என்று நினைக்க அந்தப் படங்களில் எந்தத் தடையும் இல்லை. மதினிக்குப் பிடித்தது மகனின் வீடு. அவர் வாயால் சொன்னது மகளின் வீடு.

அல்பத்தை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது. மகள் உம்மாவுக்கு மறதி என்று நினைத்துவிட்டாள். மதினிக்கு மாம்புரியும் நல்ல இடம்தானே, பெற்ற மகள்தானே, எனக்கு ஒரே பஸ்தானே என்று என்னிடமே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் நாள் மதினி என்னைக் கூப்பிட்டு, தன் தையல் மெஷினை மாம்புரிக்கு எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டார். வேப்பமரத்துக்குக் கீழே வைத்துத் தைக்க நினைத்திருந்தாராம், இனி முன்னறையிலேயே வைக்கலாம் என்றார். எனக்கு அதற்கு மேல் பொறுக்க ஏலவில்லை.

"மதினி, நீங்க பாத்தது மாம்புரி இல்ல" என்றேன். அல்பத்தை எடுத்து இரண்டு பக்கமும் திறந்து காட்டினேன்.

ஏசுவார் என்று பார்த்தேன். அவர் அந்தக் கரும்புள்ளிகளை விரலால் தொட்டு, "அப்ப இது எங்கட மகனா?" என்றார். பிறகு வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "பெத்தவளுக்கே புள்ளயத் தெரியாம எடுத்திரிக்கியே, ஒரு ஆளால முடியாத வேல புள்ள அது."

"மகன்கிட்டச் சொல்லிருவமா?"

"என்னத்தச் சொல்ற? ஒன்ட எறும்புப் படத்த வச்சு ஒரு தடவ முடிவெடுத்து எல்லாரையும் கெடுத்திட்டன். இன்னொருக்கா ரெண்டு எடத்துக்கும் போ. இந்த மொற ஆளத் தெரியணும், வீட்டத் தெரியணும். எது எதுண்டு கேக்க வைக்கப்படாது. அதுக்குப் பொறகு சொல்றன்."

மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். மாம்புரிக்குத்தான் முதலில். வழியில் ஒரு கழுதை நின்றது. மூஞ்சிக்கு முன்னால் அரைத் தெரு இடம் விட்டு எடுத்தேன். இப்போது அது எங்கேயோ போகிற கழுதையாகத் தெரிந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியபோது உடம்பெல்லாம் துள்ளியது. முன்பு நான் வீட்டைப் பார்த்தேனே தவிர, எங்கே நிற்பது என்று பார்க்கவில்லை. இம்முறை கமராவைத் திறக்காமலே வளவைச் சுற்றி நடந்தேன். மகள் கேட்டாள், "என்ன மாமி தேடுறீங்க? ஏதும் விழுந்திட்டா?" வெயில் சாயும்வரை இருந்தேன். மிளகாய்ப் பாத்திகள் வரிவரியாக வீட்டை நோக்கிப் போகின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. பாத்தியின் ஓரத்தில் மண்ணில் உட்கார்ந்துகொண்டேன். கிட்டத்தில் பழுத்த மிளகாய் ஒன்று, அதிலிருந்து வரிகள் ஓடி, தூரத்தில் வீடு, ஒரு பக்கமாக. மகள் மறுபக்கத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகத்தில் வெயில். தலைக்குப் பின்னால் தென்னை இல்லாத இடத்துக்கு இரண்டு அடி நகரச் சொன்னேன். நான்கு மூலையையும் பார்த்தேன். ஒரு மூலையில் என் செருப்பு. அதை எடுத்துவிட்டு அமத்தினேன்.

மாம்புரி வெல்லவேண்டும் என்று நான் என் முழு வித்தையையும் அந்தப் படத்தில் போட்டேன். அதை மறுக்க முடியாது.

மூன்று நாள் கழித்து வண்ணாத்திவில்லில் பஸ்ஸால் இறங்கியபோது வேறொன்று புரிந்தது. படம் நன்றாக எடுக்கத் தெரிந்தால் கெடுக்கவும் தெரிந்துவிடுகிறது. மகனின் வீட்டுக்கு முன்னால் முள்ளுக்கம்பி வேலி ஒன்று ஓடுகிறது. வெளியில் நின்று எடுத்தால் கம்பி முகத்துக்கு முன்னால் வரும். வீடு பின்னால் அடைபட்டது போலத் தெரியும். பொய் இல்லை, வேலி இருக்கிறதுதானே. நான் அங்கே நின்றேன். கமராவைத் திறந்தேன். கம்பிகளுக்குப் பின்னால் வீடு சரியாக மறியற்சாலை மாதிரி இருந்தது. விரல் பொத்தானில் இருந்தது. மாம்புரிக்கு ஒரே பஸ்.

உள்ளே மருமகள் என்னைக் கண்டுவிட்டாள். "மாமி, ஏன் வெயில்ல நிக்கிறீங்க? கதவு திறந்துதான் இரிக்கி" என்றாள்.

உள்ளே போனேன். வேப்பமரத்துக்குக் கீழே, மதினி உட்கார்ந்தால் அவருடைய கண் இருக்கிற உயரத்துக்கு, நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். மரத்தின் அடி படத்தின் ஒரு கரையில். கொப்பு மேலே கூரை மாதிரி. நடுவில் கூட்டின முற்றம், வெறுமையாக. தூரத்தில் கதவு, கதவில் மகன், அவருக்குப் பின்னால் வீட்டுக்குள்ளிருந்து ஒரு வெளிச்சம். முன்பென்றால் அந்த வெறும் முற்றத்தில் யாரையாவது கொண்டுவந்து நிறுத்தியிருப்பேன். இப்போது விட்டுவிட்டேன். ஒரு கோழி வந்து குறுக்கே போனது. அது போகும்வரை காத்திருந்து, போனதும் அமத்தினேன். எனக்கே கண் கலங்கிவிட்டது, அவ்வளவு சந்தோஷம். அதோடு சேர்ந்து ஒரு பயமும், இந்தப் படம் மற்றதை விட நல்லது என்று.

ஸ்டூடியோக்காரரிடம் இந்த முறை அல்பத்தை வலப்பக்கத்திலிருந்து போடச் சொன்னேன். "அப்பிடி யாரும் போடுறதில்ல உம்மா" என்றார். "எங்கட மதினி அப்பிடித்தான் பாப்பாங்க" என்றேன். போட்டார். வண்ணாத்திவில்லுப் படத்தை மட்டும் இரண்டாம் தரம் எடுத்துப் பார்த்தார்.

இம்முறை ஓடவில்லை. மதினியின் பக்கத்திலேயே இருந்தேன். அவர் மாம்புரிப் படத்தை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். "மாஷா அல்லாஹ். எங்கட மகள். மிளகா கைல எடுக்கலாம் போல இரிக்கி." பக்கத்தைத் திருப்பினார். வேப்பமரம். திரும்ப மாம்புரிக்குப் போனார். திரும்ப மரத்துக்கு வந்தார். தேத்தண்ணி ஆறிப்போனது.

"இது எங்க இருந்து எடுத்த?"

"மரத்துக்குக் கீழ. நிலத்துல இருந்துதான் மதினி."

"நிலத்துலயா? ஒன்ட முழங்காலோட எப்படி எழும்பின?"

"எனக்கு எழும்ப ஏலல்ல. மருமகள் ஓடிவந்து தூக்கி விட்டா. பொறகு மண்ணத் தட்டியும் விட்டா."

"மாம்புரியிலயும் நிலத்துலதான் இரிந்தியா?"

"ஓம்."

"அங்க யாரு தூக்கின?"

நான் யோசித்தேன். "வேலிக் கட்டயப் புடிச்சு நானே எழும்பினன். மகள் தண்ணி விட்டுக்கொண்டு இரிந்தா மதினி. பாவம், இருட்டுறதுக்குள்ள அவ்வளவு பாத்திக்கும் விடணுமே."

மதினி அல்பத்தை மூடினார். "அவளுக்கு மூச்சு விட நேரமில்ல. நான் போனா என்னயும் பாக்க வேண்டி வரும். மகன்ட வீட்டுக்குப் போறன்."

அப்படித்தான் முடிவாயிற்று. கட்டாரிலிருந்து வந்த கமரா சொல்லவில்லை, நான் பார்த்துப் பார்த்து வைத்த மூலைகளும் சொல்லவில்லை. படத்துக்கு வெளியே நடந்ததைக் கேட்டு முடிவெடுத்தார். ஆனால் நிலத்தில் உட்காராமல் தூரத்தில் நின்றிருந்தால் அதையும் கேட்டிருக்க மாட்டார். மகளிடம் மதினியே போனில் கதைத்தார். மகள் கொஞ்சம் அழுதாள், பிறகு அறுவடை முடிந்து ஒரு மாதம் வந்து நிற்கவேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டாள். மகன் மாட்டுக் கொட்டிலின் தகட்டைக் கழற்றினார். மாடுகளுக்குத் தென்னோலை.

இத்தா முடிந்த மறுநாள் ஒரு வான் வண்டி பிடித்துப் போனோம். மதினி, நான், பின்னால் தையல் மெஷின். நாலு மாதத்துக்குப் பிறகு, உண்மையில் இரண்டு வருடத்துக்கும் பிறகு, வெளியில் வந்தவர். பாலாவி தாண்டும்வரை கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டே இருந்தார். உப்பளத்தைக் கண்டதும் வானை நிறுத்தச் சொன்னார். நான் எடுத்த உப்பளப் படத்தில் இருந்ததை விடப் பெரிதாக இருக்கிறது என்றார். அது சரிதான். உப்பளத்தை எடுக்க நான் இன்னும் படிக்கவில்லை. எங்கே நின்றாலும் ஒரு வெள்ளைத் துணி மாதிரியே வருகிறது. அடுத்த முறை உப்பு அள்ளுகிற ஒரு பெண்ணாவது கிட்டத்தில் வரும்வரை நிற்க வேண்டும்.

வண்ணாத்திவில்லில் இறங்கியதும் மதினி வீட்டுக்குள் போகவில்லை. நேரே மரத்தடிக்குப் போனார். நிமிர்ந்து பார்த்தார், குனிந்து பார்த்தார்.

"படத்துல இவ்வளவு குப்ப இல்லயே."

"எடுக்கிற அண்டைக்குக் கூட்டி வச்சிரிந்தாங்க மதினி."

"அதானே பாத்தன்." மருமகளிடம் விளக்குமாற்றை வாங்கினார். வந்து கால் மணி நேரமாகவில்லை, தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை. வேப்பிலைகளைக் கூட்டத் தொடங்கிவிட்டார். வெயில் பின்னாலிருந்து அடித்தது. தூசி எழும்பி மினுங்கியது. முகம் வராமல் முதுகுப் பக்கமாக எடுத்தால் அவரும் ஒன்றும் சொல்லமாட்டார். நான் கமராவை எடுத்துக்கொண்டு நிலத்தில் உட்கார இடம் தேடினேன்.

"மதினி, கொஞ்சம் வலப்பக்கம் போங்க. தலைக்குப் பின்னால கொப்பு வருது."

"போகமாட்டன். இனி இது என்ட வீட்டு முத்தம். நீ தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன்.